கல்லுக்குழியில் எலும்பு உடையும் சத்தம்

மாசி 5, திங்கள்

எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல, எஸ்தரம்மா எழுதுகிறார். போனில் பச்சைப் பொத்தானை அழுத்திப் பேசினால் தாராபுரத்தில் டிரஸ்ட் வேலையில் இருக்கும் அவருக்குக் கேட்கும். சொன்னதைச் சொன்னபடியே நோட்டில் ஏற்ற வேண்டும் என்பது டிரஸ்ட்டின் சட்டமாம்.

“நான் இருமினாலும் எழுதுவீங்களா?” என்று கேட்டேன்.

“இருமினா எழுத மாட்டேன், ஐயா. பொய் சொன்னா எழுதுவேன்” என்றார். நாகர்கோவில்காரர். வாய் கொஞ்சம் நீளம்.

என் பேர் ராக்கியண்ணன். வயது எழுபத்தெட்டு. என்னுடைய ஒன்பது ஏக்கர் கொரங்காட்டை இருபத்தைந்து வருசத்துக்கு உழுவதில்லை, விற்பதில்லை என்று டிரஸ்ட்டுக்குக் கைநாட்டு வைத்துக் கொடுத்திருக்கிறேன். கொரங்காடு என்றால் என்னவென்று சென்னை ஆபீசில் கேட்பார்கள், அதையும் சொல்லுங்கள் என்கிறார் எஸ்தரம்மா. சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம். அதில் ஆடு மேயும். அவ்வளவுதான். இந்த மாதிரி நிலங்களை மாநிலம் முழுக்க டிரஸ்ட் காத்து வருகிறதாம். கவுதாரி, முயல், நரி எல்லாவற்றுக்கும் தங்க இடம் வேண்டுமே என்று. தினமும் நான் குறிப்பு சொல்வதும் ஒப்பந்தத்தில் சேர்த்தி.

இன்றைய குறிப்பு. ஆடு இருபத்திரண்டு. குட்டையில் முழங்கால் தண்ணீர். வடக்கு மூலைக் கல்லுக்குழியில் கழுதைப்புலி இருக்கிறது. எஸ்தரம்மா மரத்தில் கட்டிய கேமராவில் தாயும் இரண்டு குட்டியும் விழுந்திருக்கின்றன. யாரிடமும் சொல்லக்கூடாது என்றார். சொல்லவில்லை.

கிழக்கே என் அக்கா மகன் நாச்சிமுத்துவின் காட்டில் விடியற்காலை மூன்று ஆடு கடிபட்டுச் செத்துவிட்டதாம். இனிமேல்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

செவலை காலையில் கஞ்சி குடிக்கவில்லை. செவலை என் நாய். என் வீட்டுக்காரி பாவாத்தாள் சங்கில் பால் ஊற்றி வளர்த்தது. அவள் போய் இரண்டு வருசம் ஆகிறது.

மாசி 6, செவ்வாய்

ஆடு இருபத்திரண்டு. வேறு ஒன்றுமில்லை.

மாசி 8, வியாழன்

இன்று மறுபடியும் இரண்டு ஆடு. போய்ப் பார்த்தேன். நாச்சிமுத்து கோழிப் பண்ணையும் வைத்திருக்கிறான், அறுபது செம்மறியும் வைத்திருக்கிறான். ஆட்டுப்பட்டி பண்ணைக்குப் பின்னால் இருக்கிறது.

செத்த ஆடு இரண்டிலும் பின்னங்காலும் மடியும் கிழிந்திருந்தது. தின்னவே இல்லை. தொடையில் பல் பதிந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். மூன்று பொத்தல்.

“என்னதுங் மாமா கடிச்சிருக்கும்?” என்று கேட்டான்.

“தெரியிலயே மாப்பளே” என்றேன்.

அவன் பெண்டாட்டி ரங்காத்தாள் முந்தாநாள் விடியும்போது பார்த்தாளாம். வெளியே போட்டிருந்த செத்த ஆட்டின் பக்கத்தில் வரிவரியாக, முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் தாழ்ந்து ஒன்று நின்றதாம். “எம்பட சென்மத்துல அப்பிடி ஒரு மூஞ்சியப் பாத்ததில்லீங். என்னையப் பாத்துட்டு ஓடக்கூட இல்ல. ஆட்டோட காலைக் கவ்வீட்டு நடந்து போச்சுங்” என்றாள். கையைக் காட்டினாள். மயிர் சிலிர்த்திருந்தது.

மயில்சாமி அங்கே இருந்தான். டீக்கடைக்காரன். அவன் கடைக்கு ஒரு சேதி போனால் ஊருக்கே போன மாதிரி. “கழுதைப்புலி! டிரஸ்ட்டுக்காரங்க வேன்ல கொண்டாந்து உட்டுருக்கறாங்க. ஏனுங் அப்பாரு, உங்க காட்டுலதான?” என்றான்.

நான் ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன்.

மாசி 11, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது. வெள்வேலங்காய் உதிர ஆரம்பித்திருக்கிறது. ஆடுகள் மேலே பார்த்துக்கொண்டே நிற்கின்றன.

செவலையைக் குட்டையில் குளிப்பாட்டினேன். உண்ணி பிடித்திருக்கிறது. அதற்கு இடது மேல் கோரைப்பல் கிடையாது. போன வருசம் காட்டுப்பன்றி முட்டியதில் உடைந்தது. வாயைக் கழுவும்போது பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

எஸ்தரம்மா போனில், “நாய்க்கு வாயெல்லாம் கழுவி விடுவீங்களா?” என்று கேட்டார். உண்ணி எங்கே வேண்டுமானாலும் ஏறும் என்றேன்.

மாசி 12, திங்கள்

இந்தப் பக்கம் முன்பு கழுதைப்புலி இருந்ததா என்று சென்னை ஆபீசில் கேட்கிறார்களாம். இருந்தது. சுபகிருது வருசம் வரைக்கும் இருந்தது. எனக்கு அப்போது பதினைந்து வயது.

கருக்கலில் ஆடு ஓட்டி வரும்போது கல்லுக்குழிக்குள்ளிருந்து எலும்பு உடையும் சத்தம் கேட்கும். காய்ந்த பனைமட்டையை முழங்காலில் வைத்து ஒடிப்பது போல இருக்கும். நான் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவேன். செத்த மாட்டை அது ஒரு துண்டு விடாது. எலும்பு, குளம்பு எல்லாம் உள்ளே போய்விடும். அதனால்தான் அதன் எச்சம் சுண்ணாம்பு போல வெள்ளையாக இருக்கும்.

சுபகிருது வருசம், இதே மாசியில், எங்கள் பட்டியில் ஒன்பது ஆடு கடிபட்டுச் செத்தது. கழுதைப்புலிதான் என்று முடிவு கட்டினார்கள். செத்த ஆட்டின் வயிற்றைக் கிழித்து, பருத்திக்கு அடிக்கிற மருந்தைத் தடவிக் கல்லுக்குழி வாயில் வைத்தார்கள். மறுநாள் இரண்டு கழுதைப்புலி செத்துக் கிடந்தது. அதற்கடுத்த நாள் அதைத் தின்ன இறங்கிய பிணந்தின்னிக் கழுகுகள் செத்தன. காடு முழுக்கக் கருங்குடை கவிழ்த்து வைத்த மாதிரி. முப்பத்தெட்டு. எண்ணியது நான்.

அதற்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்டதே இல்லை. இப்போதுதான்.

மாசி 14, புதன்

பதினொன்று. ஒரே விடியலில் பதினொன்று. நாச்சிமுத்துவின் பட்டியில் தடுப்புப் படலை ஒட்டி ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒன்றுக்கு இன்னும் உயிர் இருந்தது. அதன் கண்ணை நான் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு ஆட்கள் என் வாசலுக்கு வந்தார்கள். ஏழெட்டுப் பேர், கையில் தடி. நாச்சிமுத்து முன்னால் நின்றான். என் கையில் வளர்ந்தவன். அவன் முகம் அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது.

“மாமா, கைநாட்டு வெக்கறதுக்கு முந்தி ஒரு வார்த்த எங்களக் கேட்டீங்களா? உங்க காட்டுல புலி வளத்தி எங்க பட்டிய அழிக்கறீங்களே, இது நாயமாங்?”

“அது புலி இல்லடா. கழுதைப்புலி” என்றேன்.

“அப்ப இருக்குதுன்னு ஒத்துக்கறீங்!” என்றான் மயில்சாமி. “கேட்டுக்குங்கப்பா. அப்பாரே சொல்லிட்டாரு.”

வாய் தவறிவிட்டது. எஸ்தரம்மா, என்னை மன்னிக்க வேண்டும்.

மத்தியானம் எஸ்தரம்மா வரும்போது கோயில் முக்கில் ஸ்கூட்டியை மறித்திருக்கிறார்கள். சாவியைப் பிடுங்கிக் கிளுவை வேலிக்குள் எறிந்துவிட்டார்கள். அவர் முள்ளில் கைவிட்டுத் தேடி எடுத்து வந்தார். கையெல்லாம் கீறல். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்.

செவலை மத்தியானம் வரைக்கும் வரவில்லை. வந்து நேராகக் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டது.

மாசி 15, வியாழன்

கயிறு வாங்கினேன்.

மாசி 17, சனி

செவலையைக் கட்டிப் போட்டிருக்கிறேன். வெயில் காலம், வெறி பிடித்த நாய்கள் சுற்றுகின்றன, அதனால். விடியற்காலையில் ஊளையிடுகிறது. கிழக்கே பார்த்துத்தான் ஊளையிடுகிறது. எஸ்தரம்மாவுக்குப் போனில் கேட்டிருக்கும்.

நாச்சிமுத்துவின் பண்ணையில் செத்த கோழிகளைத் தினமும் பள்ளத்து ஓரத்தில் கொட்டுகிறார்கள். கொட்டினால் நாய் வரத்தானே செய்யும். நேற்று எண்ணினேன், பதினாறு நாய். எதற்கும் சொந்தக்காரன் கிடையாது. இதையும் எழுதுங்கள்.

சுபகிருது வருசக் கதையில் ஒன்று விட்டுப்போனது. நாங்கள் மருந்து வைத்தோமே, அதற்குப் பிறகும் எங்கள் பட்டியில் ஏழு ஆடு செத்தது. அதே மாதிரி பின்னங்கால், அதே மாதிரி மடி. கழுதைப்புலி செத்த பிறகு.

“ஐயா, திங்கக்கெழம ‘வச்சாங்க’ன்னு சொன்னீங்க. இன்னைக்கி ‘வச்சோம்’ங்கிறீங்க. எத எழுத?” என்று கேட்டார் எஸ்தரம்மா.

“சொன்னத எழுதுங்க” என்றேன்.

மாசி 19, திங்கள்

நான்கு நாளாக எங்கேயும் ஆடு சாகவில்லை.

டீக்கடையில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். கழுதைப்புலிக்கு வயிறு நிறைந்துவிட்டதாம். ஊரே தடியோடு நின்றதைப் பார்த்துப் பயந்துவிட்டதாம். “அதுக்கும் மானம் ரோசம் இருக்குமல்லோ” என்று மயில்சாமி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் எஸ்தரம்மா கேட்டார். “நாலு நாளா ஒண்ணும் சாகல. நாலு நாளா உங்க நாயும் கட்டிக் கெடக்கு. ஐயா, நான் கேக்கட்டுமா?”

சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டேன். பிறகு மறுபடி நானே அழைத்து, ஆடு இருபத்திரண்டு, குட்டையில் கணுக்கால் தண்ணீர் என்று சொல்லி முடித்தேன்.

மாசி 21, புதன்

கயிற்றைக் கடித்துக்கொண்டு போய்விட்டது.

விடியும்போது எழுந்தேன். கயிற்று முனை ஈரமாக இருந்தது. பேர் சொல்லிக் கூப்பிடப் பயம். யார் காதிலாவது விழும். காடு முழுக்க நடந்தேன். கிழக்கு வேலியில் ஒரு ஓட்டை. பாவாத்தாள் இருந்தபோது அடைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எட்டு மணிக்கு அது அந்த ஓட்டை வழியாகவே வந்தது. வாலை ஆட்டிக்கொண்டு, என் கையை நக்க. பல்லிடுக்கில் ஆட்டு மயிர் இருந்தது.

எஸ்தரம்மா, இதை எழுத வேண்டாம். எழுதினாலும் எனக்குத் தெரியாது. எழுதிக்கொள்ளுங்கள்.

தடியை எடுத்தேன். ஓங்கினேன். அது படுத்து வயிற்றைக் காட்டியது, பாவாத்தாள் சங்கை எடுக்கும்போது காட்டுமே, அப்படி. தடியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கயிறாக முறுக்கிக் கட்டினேன்.

நாச்சிமுத்துவுக்கு இன்று மூன்று. நாளை காலை மருந்து வைக்கப் போகிறார்களாம். ரங்காத்தாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லிவிட்டுப் போனாள். “மாமா, உங்க ஆட்டையும் நாயையும் வெளிய உட்டராதீங். நாளைக்கு வெக்கறாங்கொ.” என் நாய் சாகக்கூடாது என்று வந்து சொல்கிறாள்.

ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும். செவலை கயிற்றில் கிடக்கும், பிழைத்துக்கொள்ளும். தாயும் குட்டியும் போகும். அறுபது வருசத்துக்கு முன்பு நடந்த மாதிரியே முடியும், ஊரும் என்னைக் கேட்காது. இன்று பூராவும் இதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட மறந்துவிட்டேன்.

மாசி 22, வியாழன்

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். குறுக்கே கேட்க வேண்டாம்.

காலையில் செவலையைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு நாச்சிமுத்துவின் காட்டுக்குப் போனேன். ஐந்து பேர் இருந்தார்கள். நேற்றுச் செத்த ஆட்டைச் சாக்கின் மேல் போட்டு வயிற்றைக் கிழித்து வைத்திருந்தார்கள். நாச்சிமுத்து கையில் பாலித்தீன் பையைச் சுற்றியிருந்தான். அந்த வாடை. அறுபது வருசமாகியும் மாறவில்லை.

“மாமா, அக்கட்டால போங்க. கையில பட்டா ஆகாது” என்றான்.

“தெரியும் மாப்பளே. நான் வெறுங்கையில தடவினவன்” என்றேன்.

ஆமாம். சுபகிருது வருசம் வைத்தது நான். அப்பனுக்குக் காய்ச்சல். என்னை அனுப்பினார். நான்தான் தடவினேன், நான்தான் தூக்கிக்கொண்டு போய்க் கல்லுக்குழி வாயில் வைத்தேன். வைத்தேன் என்றே எழுதுங்கள்.

“கழுதைப்புலி கடிச்சா எலும்பு மிஞ்சாது. இது எத்தன நாளா கடிச்சுக் கடிச்சுப் போட்டுட்டுப் போயிருக்குது, ஒரு வாயாவது தின்னுதா? அந்தத் தொடையில பொத்தல எண்ணிப் பாரு” என்றேன்.

அவன் குனிந்தான். “மூணுங் மாமா.”

“நாலு கோரப்பல்லு இருக்கோணும். எங்க இன்னொண்ணு?” நான் உட்கார்ந்து செவலையின் உதட்டைத் தூக்கிக் காட்டினேன். “இங்க இல்ல பாரு.”

செவலை அவனைப் பார்த்து வாலை ஆட்டியது. அவனுக்கும் பழகிய நாய்தானே.

“டிரஸ்ட்டுக்காரி சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கறா. நாயைக் கூட்டீட்டு வந்து சாட்சி சொல்றாரு” என்றான் மயில்சாமி. யாரும் சிரிக்கவில்லை.

நாச்சிமுத்து என் சட்டையைப் பிடித்தான். “பதினெட்டு நாளா தெரியுமா உங்களுக்கு? பதினொண்ணு செத்துக் கெடந்தன்னைக்கும் தெரியுமா? என்ற மூஞ்சியப் பாத்துத் தெரியிலன்னீங்களே!”

“தெரியும். பயந்துட்டேன்” என்றேன். “என்ற நாய் ஒண்ணு. மீதி பதினாறும் உன்ற செத்த கோழியத் தின்னு வளந்தது. அதுங்க கூப்புட்டுத்தான் இதும் போச்சு.”

அவன் கை தளரவில்லை. ரங்காத்தாள்தான் வந்து விடுவித்தாள். “நான் தெனமும் தலபாடா அடிச்சுக்கிட்டனே, குழி வெட்டிப் பொதைங்க, பொதைங்கன்னு. அப்பெல்லாம் யாரு சட்டையப் புடிச்சீங்க?” என்றாள்.

நாச்சிமுத்து பாலித்தீன் பையைக் கழற்றிக் கீழே போட்டான். அப்புறம்தான் அதைச் சொன்னான். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்.

“ஒண்ணு விடியறதுக்கே வெச்சாச்சுங் மாமா. வடக்கு மூலைல. குழி வாயில.”

எல்லாரும் ஓடினோம். எனக்கு அவ்வளவு ஓட்டம் இன்னும் இருக்கிறது என்று தெரியாது. குழி வாயில் ஒன்றும் இல்லை. இழுத்துக்கொண்டு போன தடம் மட்டும் புல்லில் இருந்தது. மத்தியானம்தான் கண்டுபிடித்தோம். பள்ளத்து ஓரத்தில் கிடந்தது. சுற்றி நான்கு நாய் செத்துக் கிடந்தன. வயிற்றுப் பக்கம் காலியாக இருந்தது. இழுப்பதற்கு முன்னால் குழி வாயில் எது எவ்வளவு தின்றது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஊர் சொன்ன தீர்ப்பு: செவலை கயிற்றில் இருக்க வேண்டும். ஒரு நாள் அவிழ்ந்தாலும் அன்றைக்கே அடித்துப் போட்டுவிடுவார்கள். சரி என்று தலையாட்டினேன்.

மாசி 23, வெள்ளி

ஆடு இருபத்திரண்டு. செத்த ஆட்டையும் நாய்களையும் நாச்சிமுத்து விறகு அடுக்கி எரித்தான். கோழிக்குக் குழி வெட்டுகிறான். என்னிடம் பேசவில்லை.

கல்லுக்குழியில் சத்தமில்லை.

மாசி 25, ஞாயிறு

எஸ்தரம்மா கேமராவில் பார்த்தார். மூன்று நாளாக ஒன்றும் விழவில்லை. வேறு இடத்துக்குப் போயிருக்கலாம் என்றார். அப்படிச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. குழிக்குள் இறங்கிப் பார்க்கட்டுமா என்றேன். குட்டி இருந்தால் பயந்துவிடும், கூடாது என்றார்.

காற்று வந்தால் மோந்து பார்க்கிறேன். செத்த வாடை வருகிறதா என்று.

கயிற்று முடிச்சைக் காலையில் பார்த்தேன். மத்தியானமும் பார்த்தேன்.

மாசி 28, புதன்

நோட்டை முதலிலிருந்து படித்துக் காட்டச் சொன்னேன். எஸ்தரம்மா வேப்ப நிழலில் உட்கார்ந்து படித்தார். ஒரு வார்த்தை மாறவில்லை. வாய் கழுவியது, கயிறு வாங்கியது, மூன்று பொத்தல். நான் மறைத்தது எல்லாம் நான் சொன்னதிலேயே இருக்கிறது.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டேன்.

“கோரப்பல்லு சொன்ன அன்னைக்கே.”

“ஏன் ஊருல சொல்லல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். நாளாக நாளாக எனக்கும் பயந்தான். நானும் தப்புப் பண்ணிட்டேன், ஐயா” என்றார். கீறல் தழும்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

பன்னிரண்டாம் தேதிக் குறிப்பில் ‘வைத்தார்கள்’ என்று இருப்பதை மாற்றச் சொன்னேன். தேதி போட்டதை மாற்றக்கூடாதாம். சரி, இருக்கட்டும்.

பங்குனி 1, சனி

ஆடு இருபத்திரண்டு. குட்டை வற்றிவிட்டது. நாச்சிமுத்து அவன் கிணற்றிலிருந்து குழாய் போட்டு என் தொட்டியில் தண்ணீர் விட்டான். போகும்போது, “கயிறு நைஞ்சிருக்குதுங். மாத்துங்க” என்றான். அவ்வளவுதான் பேசினான். உடனே மாற்றினேன். மாற்றும்போது அதைத் தொடையிடுக்கில் பிடித்துக்கொண்டேன். அந்த நிமிசத்தில் அது ஓடியிருந்தால்? ஓடவில்லை.

சூரியன் விழுகிற நேரத்தில் வடக்கு மூலைக்கு ஆட்டைத் திருப்பப் போனேன். செவலை, கயிறு என் இடுப்பிலும் கையிலுமாக, கூடவே வந்தது. திடீரென்று நின்றது. காதை விறைத்தது. ஆடுகள் எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொண்டன.

குழிக்குள்ளிருந்து காய்ந்த பனைமட்டை ஒடிந்தது.

கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அதற்குப் பின்னால் சின்னதாக, பல் சரியாக முளைக்காதது எதையோ கடிக்கப் பார்க்கிற சத்தம்.

எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. பதினைந்து வயதில் வேர்த்த மாதிரியே. காதைப் பொத்த ஒரு கைதான் இருந்தது, மற்றதில் கயிறு. பொத்தவில்லை. கேட்டுக்கொண்டு நின்றேன்.

பயமாகத்தான் இருந்தது. இருக்கட்டும்.